போரில் சிதைந்த டாங்கிகள்: வாசகர் கேள்வி – பதில்

போர்க்களத்தில் அடிபட்டுக் கைவிடப்பட்டு, பிற்பாடு அந்தந்த ஊர்களிலேயே நினைவுச் சின்னங்களாக நிறுத்தப்பட்ட டாங்கிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் அளிக்கிறேன்.

நினைவுச் சின்னம் என்று வைத்த பிறகு ஓட்டைகளை அடைத்து, துருவை நீக்கி, வர்ணம் பூசிப் புதிதுபோல நிறுத்துவதுதானே இறந்தவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை? பல நாடுகளில் ஏன் உடைந்த நிலையிலேயே விட்டுவைக்கிறார்கள்?
– கோவை வாசகர்

மரியாதை செய்ய வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ஓட்டையை அடைப்பது மரியாதை ஆகாது என்பது என் உறுதியான கருத்து. உள்ளே இருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு, பல வேளைகளில் அந்த ஓட்டையைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

வடபிரான்சில் காம்ப்ரே நகருக்கு அருகில் ஃப்ளெஸ்கியேர் என்ற சிற்றூர் இருக்கிறது. 1917 நவம்பர் 20ஆம் தேதி பிரிட்டிஷ் படை 476 டாங்கிகளைத் திரட்டி அந்தப் போர்முனையில் தாக்கியது. அவற்றுள் ஒன்று, டி51 என்ற எண்ணும் 'டெபோரா' என்ற பெயரும் கொண்ட மார்க் 4 ரக டாங்கி. அது ஃப்ளெஸ்கியேர் ஊருக்குள் புகுந்து மறுகோடியை எட்டியபோது, ஜெர்மானியப் பீரங்கி அதன்மேல் அடுத்தடுத்துக் குண்டுகளைப் பாய்ச்சியது. உள்ளே இருந்த 8 பேரில் 5 பேர் மாண்டார்கள். தளபதியாக இருந்த ஃபிராங்க் ஹீப் என்ற இளம் அதிகாரி மற்றவர்களோடு உயிர் தப்பினார். பின்னர் அந்த டாங்கி ஒரு பெரிய குழிக்குள் தள்ளப்பட்டுப் பதுங்கு அறையாகப் பயன்பட்டது. காலப்போக்கில் மண் மூடி, ஊராரின் நினைவிலிருந்தும் மறைந்தது.

ஃபிலிப் கோர்சின்ஸ்கி என்ற உள்ளூர் ஆராய்ச்சியாளர், சிறுவயதில் அந்தக் காட்சியைப் பார்த்த ஒரு மூதாட்டியின் பேச்சிலிருந்து தொடங்கி, வான்படங்களைத் துருவி, பல ஆண்டுகள் தேடி, 1998 நவம்பரில் டாங்கியை நிலத்தடியில் கண்டுபிடித்தார். வெளியே எடுத்தபோது அதன் ஒரு பக்கம் முழுக்கக் கிழிந்து கிடந்தது. அதை யாரும் தட்டி நிமிர்த்தவில்லை, புதுத் தகடு வைத்து ஒட்டவும் இல்லை. மண்ணைக் கழுவி, மேற்கொண்டு துருப்பிடிக்காமல் காப்புச் செய்து, அப்படியே வைத்திருக்கிறார்கள். அது எந்த டாங்கி என்று காட்டிக்கொடுத்ததே அந்தச் சேதம்தான். பழைய புகைப்படங்களில் தெரிந்த காயங்களும் இரும்பில் இருந்த காயங்களும் ஒத்துப்போயின. பிரெஞ்சு அரசு அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. தாக்குதலின் நூற்றாண்டில், 2017 நவம்பரில், அதற்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அந்தக் கட்டடம் எழுந்திருப்பது, டாங்கிக்குள் இறந்த 5 பேரும் அடக்கமாகியிருக்கும் கல்லறைத் தோட்டத்தை ஒட்டித்தான். கிழிந்த பக்கத்தை அன்றே ஒரு பட்டறைக்காரர் செப்பனிட்டிருந்தால், அந்த 5 பெயர்களையும் அந்த இரும்பையும் இணைக்கும் வழி அடைபட்டிருக்கும்.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. இங்கிலாந்தின் பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கும் 'டைகர் 131' என்ற ஜெர்மானிய டாங்கி 2003 முதல் ஓடும் நிலையில் இருக்கிறது. அதை ஓட வைக்க வேறொரு ரகத்தின் எஞ்சினைப் பொருத்த வேண்டியிருந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். சிதையாமல் பிடிபட்ட வண்டி அது. இயங்கும் விதத்தைக் காட்டுவதற்கும் ஒரு வண்டி வேண்டும். ஆட்கள் இறந்துபோன, ஒன்றே ஒன்றாக எஞ்சியிருக்கும் சிதைவுக்கு அந்த முறையைக் கொண்டுவரக் கூடாது என்பதுதான் என் வாதம்.

எண்ணும் பெயரும் அழிந்துபோன ஒரு டாங்கி எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தது, அதற்குள் யார் இருந்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
– தூத்துக்குடி வாசகி

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வர்ணத்தில் எழுதிய எண் அழியும். இரும்பில் அடித்த எண் எளிதில் அழியாது. அமெரிக்க ஷெர்மன் டாங்கிகளில் வரிசை எண்ணைப் பின்புற இழுவைக் கொக்கிகளின் மேல் உளியால் பொறித்ததுபோல் அடித்திருப்பார்கள். ஐந்தாறு பூச்சு வர்ணத்துக்கு அடியில் அது ஒளிந்திருக்கும். வர்ணக் கரைப்பான் தடவி, மென்மையான பித்தளைத் தூரிகையால் தேய்த்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் வெளிச்சம் அடித்தால் இலக்கங்கள் நிழலாக எழுந்துவரும். அதோடு வார்ப்புப் பகுதிகளில் வார்ப்பாலையின் முத்திரையும் பாக எண்ணும் புடைத்து நிற்கும். இவற்றைக் கொண்டு எந்தத் தொழிற்சாலையில், ஏறக்குறைய எந்த மாதத்தில் அந்த வண்டி உருவானது என்று சொல்லிவிடலாம். ஆனால் எந்த வண்டி எந்தப் படைப்பிரிவுக்குப் போனது என்ற பதிவு பெரும்பாலும் கிடைப்பதில்லை. அங்கிருந்துதான் உண்மையான உழைப்பு தொடங்குகிறது.

அடுத்துப் படிக்க வேண்டியது காயங்களை. கவசத்தைத் துளைக்கும் திண்மக் குண்டு விளிம்பு லேசாக மேலெழுந்த வட்ட ஓட்டையை விட்டுச் செல்லும். அதன் விட்டத்தை அளந்தால் சுட்ட பீரங்கி எந்த அளவு என்று ஊகிக்க முடியும். சாய்வாகப் பட்டுத் தெறித்த குண்டு, கரண்டியால் வழித்ததுபோல் நீளப் பள்ளம் இடும். தோளில் வைத்துச் சுடும் டாங்கி எதிர்ப்பு ஆயுதத்தின் ஓட்டை சிறியது. சுற்றிலும் உருகித் தெறித்த தடம் இருக்கும். டாங்கி தீப்பற்றி எரிந்திருந்தால், தாங்கு சுருள்வில்கள் சூட்டில் முறுக்கு இழந்து வண்டி தரையோடு படிந்திருக்கும். சக்கரங்களின் ரப்பர் இருந்த சுவடே இராது. போருக்குப் பிறகு பட்ட காயங்களையும் பிரித்தறிய வேண்டும். பல சிதைவுகளைப் படையினர் பிற்காலத்தில் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள். காயலான் கடைக்காரர்கள் கேஸ் கட்டரால் அறுத்த விளிம்புகளில் இரும்பு சொட்டி உறைந்திருக்கும். இதைப் போர்க்காயம் என்று பலகை எழுதி வைத்த இடங்களும் உண்டு.

மூன்றாவது, காகிதம். பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் நாள்தோறும் எழுதிய போர்க் குறிப்பேடுகள் லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இன்ன நாள், இன்ன சாலைத் திருப்பத்தில், இத்தனை டாங்கிகள் இழப்பு என்ற வரியைக் கண்டால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் அதே நாளில் அதே பிரிவில் இறந்தவர்களைத் தேடலாம். இரண்டும் பொருந்துகிற இடத்தில் பெயர்கள் கிடைக்கும்.

பெல்ஜியத்தின் பாஸ்டோன் நகரச் சதுக்கத்தில் நிற்கும் ஷெர்மன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பெயர் 'பராகுடா'. பக்கவாட்டுத் தகட்டில் குண்டு துளைத்த ஓட்டை இன்றும் திறந்தே இருக்கிறது. சுற்றுலா வருபவர்கள் அதில் விரலை விட்டுப் பார்ப்பார்கள். நகரத்தைக் காத்த டாங்கிகளில் ஒன்று என்ற அளவிலேயே பலரும் அதை அறிந்திருந்தார்கள். வரிசை எண், காயங்கள், படைப்பிரிவு ஆவணங்கள் மூன்றையும் ஒப்பிட்ட பிறகே, அது அமெரிக்க 11ஆவது கவசப் படைப்பிரிவைச் சேர்ந்தது என்பதும், 1944 டிசம்பர் 30ஆம் தேதி நகருக்கு வெளியே அடிபட்டு வீழ்ந்தது என்பதும் தெளிவாயின.

நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட வண்டியிலும் இப்படி வியப்புகள் வரும். மேலே சொன்ன டைகர் 131, துனிசியாவில் 1943 ஏப்ரல் 21ஆம் தேதி ஜெபல் ஜாஃபா என்ற இடத்தில் பிடிபட்டதாகப் பல்லாண்டுக் காலம் எழுதிவந்தார்கள். அந்தப் போரில் இருந்த ஒரு சிப்பாயின் மகன், தன் தந்தை சொன்ன கதை இந்த டாங்கியோடு பொருந்துவதைக் கவனித்தார். அதைத் தொடர்ந்து நடந்த ஆய்வில், அது ஏப்ரல் 24ஆம் தேதி கெரியாத் எல் அத்தாச் குன்றின் அருகே பிடிபட்டது என்று தெரியவந்தது. உலகில் மிக அதிகமாகப் புகைப்படம் எடுக்கப்பட்ட டாங்கிகளில் ஒன்றுக்கே இந்த நிலை.

போர் முடிந்ததும் இரும்புக்கு நல்ல விலை கிடைத்திருக்குமே. இவை மட்டும் எப்படித் தப்பின?
– சேலம் வாசகர்

பெரும்பாலானவை தப்பவில்லை, வெட்டி உருக்கப்பட்டன. எஞ்சியவற்றில் சில, தனி மனிதரின் பிடிவாதத்தால் எஞ்சின. பெல்ஜியத்தின் லா க்ளேஸ் கிராமத்தில் ஜெர்மானியப் படை 1944 டிசம்பர் 24ஆம் தேதி தன் வண்டிகளை விட்டுவிட்டுக் கால்நடையாக வெளியேறியது. அவற்றை அப்புறப்படுத்த வந்த அமெரிக்கர்களிடம் ஊர்ப் பெண்மணி ஒருவர் ஒரு புட்டி கோன்யாக் மதுவைக் கொடுத்து, 'கிங் டைகர்' என்ற ரக ஜெர்மானியக் கனரக டாங்கி ஒன்றை ஊருக்கென்று கேட்டு வாங்கினார். அது இன்றும் அங்கேயே, அருங்காட்சியகத்தின் வாசலில் நிற்கிறது.

வேறு சில மண்ணுக்குள் கிடந்ததால் தப்பின. நார்மண்டிக் கடற்கரையில் க்ரே-சுர்-மேர் என்ற இடத்தில், 1944 ஜூன் 6ஆம் தேதி பிரிட்டிஷ் பொறியாளர் படையின் சர்ச்சில் டாங்கி ஒன்று நீர் நிறைந்த பள்ளத்தில் அமிழ்ந்தது. பின்னால் வந்த படை நிற்க முடியாத நிலையில், அதன் மேலேயே பாலம் அமைத்துக் கடந்து போனது. உள்ளே இருந்து வெளியேறியவர்களில் 4 பேர் கொல்லப்பட்டார்கள். 32 ஆண்டுகள் சாலைக்கு அடியில் கிடந்த அந்த டாங்கியை 1976இல் தோண்டி எடுத்துக் கரையோரத்தில் நினைவுச் சின்னமாக நிறுத்தினார்கள்.

இந்தியாவில் இப்படிப்பட்ட சிதைவுகள் இருக்கின்றனவா?
– ஆவடி வாசகர்

இருக்கின்றன. நாம் அதிகம் பேசாதது கொஹிமாவில் இருக்கிறது. 1944 ஏப்ரல் 4 முதல் ஜூன் 22 வரை ஜப்பானியப் படையோடு நடந்த அந்தப் போரில், செங்குத்தான மலைச்சரிவுகளில் ஏற முடிந்த இடத்துக்கெல்லாம் 149ஆவது கவசப் படைப்பிரிவின் லீ டாங்கிகளை ஏற்றினார்கள். மே 13ஆம் தேதி, துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்தில் எதிரிப் பதுங்கு குழிகளை மிக அருகிலிருந்து சுட்டு ஜப்பானியரின் பிடியை முறித்தது அப்படி ஏற்றப்பட்ட ஒரு டாங்கிதான். அதே மாதம் வேறொரு லீ டாங்கி சரிவில் உருண்டு சிக்கிக்கொண்டது. போருக்குப் பின்னும் அது மீட்கப்படவில்லை. சிக்கிய இடத்திலேயே நினைவுச் சின்னமாக இருக்கிறது. அதைச் சுற்றி இன்று நகரம் வளர்ந்துவிட்டது.

சுமார் 27 டன் எடையுள்ள லீ டாங்கியைப் பக்கத்தில் நின்று பார்ப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது அதன் உடலெங்கும் வரிசை வரிசையாக இருக்கும் ரிவிட் ஆணிகளை. தகடுகளை இணைக்க வெல்டிங்குக்குப் பதில் ரிவிட் அடித்திருந்தார்கள். வெளியே குண்டு பட்டால், துளைக்காவிட்டாலும், ஆணியின் தலை முறிந்து உட்புறம் தோட்டாவாகப் பாயும். இந்தக் குறையைக் கண்ட பிறகுதான் வார்ப்பு உடலும் வெல்டிங் உடலும் பரவின. ஒரு ரிவிட் காணாமல் போன இடத்தில் புதுப் போல்ட்டை முறுக்கி வர்ணம் பூசிவிட்டால், அந்தச் செய்தி போய்விடும். கொஹிமாவின் மழையில் இந்த ஆணி இடுக்குகளில்தான் தண்ணீர் நின்று முதலில் அரிக்கும்; ஆகவே காக்க வேண்டிய முதல் இடமும் அதுதான். அதே ஊரின் போர்க் கல்லறையில் 1,420 கல்லறைகள் இருக்கின்றன. அங்கேயுள்ள தகனச் சின்னம் 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயரால் எழுப்பப்பட்டது. டாங்கியைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தத் தகனச் சின்னத்துக்கும் போய்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மற்றொன்று 'ஃபாமகுஸ்தா'. 1971 டிசம்பர் 16ஆம் தேதி பசந்தர் ஆற்றுப் போரில், 21 வயதான அருண் கேத்தர்பால் இறுதிவரை சுட்டுக்கொண்டிருந்த செஞ்சுரியன் டாங்கி அது. அவருக்கு மறைவுக்குப் பின் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. டாங்கியை அகமதுநகர் கவசப் படை மையத்தில் பாதுகாக்கிறார்கள். அந்நகரின் பெயர் இப்போது அகில்யாநகர்.

பல நகரங்களில் நிற்கும் 1965ஆம் ஆண்டுப் பாட்டன் டாங்கிகள் எதிரியிடமிருந்து கைப்பற்றிய வெற்றிச் சின்னங்கள். அவற்றுக்கும் வரலாறு உண்டு. ஆனால் எந்தக் களத்தில், யாரிடமிருந்து பிடித்தது என்று பலகையில் எழுதியிருப்பதை அரிதாகவே காண முடிகிறது. உள்ளூர்க் கல்லூரி மாணவர்கள் எடுத்துச் செய்யக்கூடிய நல்ல ஆய்வு இது.

கடலிலிருந்து எடுத்த டாங்கி, தண்ணீருக்குள் கிடந்ததைவிட வெளியே வந்த பிறகு வேகமாக அரிக்கிறது என்கிறார்களே, உண்மையா?
– நாகப்பட்டினம் வாசகர்

உண்மை. கடலடியில் இரும்பின் மேல் உப்பும் சுண்ணாம்புமாக ஓர் ஓடு படிகிறது. உள்ளே பிராணவாயு குறைவு. வெளியே எடுத்தவுடன் அந்த ஓட்டுக்குள் தேங்கிய குளோரைடு உப்பு, காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து அமிலமாகி, இரும்பை ஏடு ஏடாக உரிக்கத் தொடங்கும். சிறு பொருளானால் காரக் கரைசலில் அமிழ்த்தி, மெல்லிய மின்சாரம் பாய்ச்சி, மாதக்கணக்கில் உப்பை வெளியேற்றலாம். 30 டன் டாங்கிக்கு அதைச் செய்யத் தொட்டியும் பணமும் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இங்கிலாந்தின் டார்கிராஸ் கடற்கரையில் நிற்கும் ஷெர்மனை நினைத்துப் பாருங்கள். 1944 ஏப்ரலில் அந்தப் பகுதியில் நார்மண்டிப் படையெடுப்புக்கான ஒத்திகை நடந்தபோது, ஜெர்மானியப் படகுகள் தாக்கி 700க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். அவர்களுக்குக் கரையில் உரிய சின்னம் இல்லையே என்று வருந்திய கென் ஸ்மால் என்ற உள்ளூர்வாசி, மீனவர்களின் வலைகள் சிக்கும் இடத்தில் கடலடியில் ஒரு டாங்கி இருப்பதை அறிந்தார். 1974இல் அமெரிக்க அரசிடமிருந்து அதை 50 டாலருக்கு வாங்கினார். 1984இல்தான் கரையேற்ற முடிந்தது. இன்று அது கறுப்புக் காப்புப் பூச்சோடு நிற்கிறது. 'டாங்கி பச்சையாகத்தானே இருக்க வேண்டும்' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, அந்தக் கறுப்பு இல்லாவிட்டால் கடற்காற்று அதை எப்போதோ தின்றிருக்கும் என்பதே.

சேறு இதற்கு நேர்மாறு. எஸ்டோனியாவில் 2000 செப்டம்பரில் ஓர் ஏரியின் சேற்றடியிலிருந்து இழுத்தெடுத்த டி-34 டாங்கி, அரை நூற்றாண்டுக்குப் பிறகும் மேலே ஜெர்மானியச் சிலுவைக்குறி தெரியும் அளவுக்கு நல்ல நிலையில் இருந்தது. ஜெர்மானியர் கைப்பற்றிப் பயன்படுத்திய சோவியத் வண்டி அது. காற்று புகாத சேறுதான் அந்தக் குறியைக் காத்தது.

ஆனையிறவில் ஏ9 சாலையோரம் நிற்கும் கவச புல்டோசரைப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். அதுவும் இந்த வகையில் சேருமா?
– யாழ்ப்பாணம் வாசகி

சேரும். 1991 ஜூலையில் ஆனையிறவு முகாமை விடுதலைப் புலிகள் தாக்கியபோது, புல்டோசர் ஒன்றின்மேல் இரும்புத் தகடுகளை அடுக்கிக் கவச வண்டியாக்கிப் பயன்படுத்தினார்கள். இலங்கை இராணுவத்தின் காமினி குலரத்ன கையெறி குண்டுகளோடு அதன்மேல் ஏறி அதை நிறுத்தி, தாமும் இறந்தார். அவருக்கு இலங்கையின் மிக உயரிய போர் வீர விருதான பரம வீர விபூஷணய வழங்கப்பட்டது. வண்டி அவருடைய நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டிருக்கிறது.

தொழிற்சாலையில் உருவாகாத வண்டி என்பதால் அதற்கு வரிசை எண் ஏடு கிடையாது. எந்தத் தகடு, எங்கிருந்து வந்தது, எப்படி வெல்டிங் செய்யப்பட்டது என்பதெல்லாம் அந்த இரும்பிலும் மனிதர்களின் நினைவிலும் மட்டுமே இருக்கின்றன. உள்ளே இருந்தவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள். இரு தரப்பிலும் அன்று அங்கிருந்தவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்கள் பேச விரும்பினால், இப்போதே கேட்டு எழுதி வைப்பது அவசரமான வேலை.

பழைய சிதைவுகளுக்குள் இறங்கிப் பார்க்கலாமா?
– திருச்சி மாணவர்

கூடாது. வெடிக்காத குண்டுகள் பல்லாண்டுகளுக்குப் பிறகும் உள்ளே கிடைத்திருக்கின்றன. பிரேக், எஞ்சின் பகுதிகளில் கல்நார் இருக்கும். சில அளவுமானிகளின் முகப்பில் ரேடியம் பூச்சு இருக்கும். மனித எச்சங்கள் கண்ணில் பட்டால் எதையும் தொடாமல் அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் கல்லூரி வாசலில் ஒரு விஜயந்தா டாங்கி நிற்கிறது. ஆண்டுதோறும் குடியரசு தினத்துக்கு முன் பச்சை வர்ணம் அடிக்கிறோம். இருந்தும் அடியில் துரு ஒழுகுகிறது. என்ன செய்வது?
– வேலூர் பேராசிரியர்

ஆவடியில் உருவாகி, பணி ஓய்வு பெற்று உங்களிடம் வந்த வண்டி அது, களத்தில் சிதைந்ததன்று. எனவே வர்ணம் அடிப்பதில் தவறில்லை. ஆனால் துரு உள்ளிருந்து வருகிறது. மேல் மூடிகளின் வழியே மழைநீர் இறங்கி அடித்தட்டில் தேங்கியிருக்கும். அடியிலுள்ள வடிகால் மூடிகளைத் திறந்துவிடுங்கள். மேல் மூடிகளை நீர் புகாதபடி அடைத்து, காற்று மட்டும் போய்வர வலையிட்ட துவாரம் விடுங்கள். சங்கிலிப்பட்டை மண்ணில் படாமல் கான்கிரீட் மேடையில் நிற்கட்டும். பழைய வர்ணத்தின் மேலேயே புதிதை அப்பாமல், துருவைச் சுரண்டிவிட்டு ரெட் ஆக்சைடு பூசிய பிறகே பச்சை அடியுங்கள். சாண்ட் பிளாஸ்டிங் (மணலை வேகமாகப் பாய்ச்சித் துருவையும் வர்ணத்தையும் நீக்குவது) செய்ய யாராவது வந்தால், அதற்கு முன் ஒரு மூடியின் உட்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரத்தைத் தேர்ந்து, அதிலுள்ள வர்ண அடுக்குகளைப் படிப்படியாகச் சுரண்டிப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் படைப்பிரிவில் அது பணியாற்றியது என்ற அடையாளம் அந்த அடுக்குகளில் ஏதாவது ஒன்றில் இருக்கக்கூடும். கிடைத்தால் எனக்கும் ஒரு படம் அனுப்பி வையுங்கள்.